களத்துக்கு வெளியே இருப்பவரும் நம்மவரே



தை, மாசி மாதங்களில் அறுவடை முடிந்த நம் வயல்களில் பிள்ளைகள் பந்து உதைத்து விளையாடுவதைக் காண்கிறோம். அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டிய ஒரு வாழ்க்கை மைக்கேல் சூசைராஜ் என்பவருடையது.

இவர் 1994இல் குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையில் பிறந்தவர். கத்தோலிக்க மீனவ மக்கள் வாழும் கடற்கரை ஊர் அது. இவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் கால்பந்து வீரரே. சென்னை சிட்டி அணியில் ஆடிய சூசைராஜ், 2018இல் ஜாம்ஷெட்பூர் அணிக்கும், 2019இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் சென்றார். 2019 ஜூன் 5 அன்று தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைப் போட்டியில், கரீபியன் கடலின் சிறு தீவு நாடான குராசோவை எதிர்த்து இந்திய அணிக்காக முதன்முறை களம் இறங்கினார். அன்று இந்தியா 1-3 எனத் தோற்றது. ஆனாலும் ஒரு மீனவக் கிராமத்து இளைஞர் நாட்டின் சீருடையை அணிந்தார். 2020 மார்ச்சில் ஏ.டி.கே. அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது.

அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே அவருடைய முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவர் விளையாட முடியவில்லை. பின்னர் 2022இல் ஒடிசா அணியில் சேர்ந்தார்.

கோல் அடிக்கும் நாளில் கைதட்ட ஆயிரம் பேர் வருவார்கள். கட்டுப் போட்ட காலோடு வீட்டில் படுத்திருக்கும் நாளில் யார் வருவார்கள்? நம் பங்குகளிலும் இதே நிலைதான். தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளைக்குத் திருப்பலி முடிவில் பொன்னாடை போர்த்துகிறோம். கோவில் வாசலில் பேனர் வைக்கிறோம். காவலர் தேர்வில் ஓடி விழுந்தவனையும், பைக் விபத்தில் கால் ஒடிந்தவனையும் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? அவனே வெட்கப்பட்டுக் கோவிலுக்கு வராமல் நின்றுவிடுகிறான்.

உடலின் ஓர் உறுப்பு துன்புற்றால் மற்ற எல்லா உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்று தூய பவுலடியார் கொரிந்து நகர மக்களுக்குக் கற்பித்தார். முழங்காலில் அடிபட்டவருக்கு இது நன்றாகவே புரியும். ஒரு கால் நொண்டினால் முழு உடலும் அதற்காகச் சாய்ந்து கொடுக்கிறது. திருச்சபை என்னும் உடலும் அப்படிச் சாய்ந்து கொடுக்க வேண்டாமா?

காத்திருப்பது என்றால் என்னவென்று டெல்டா மக்களாகிய நமக்குத் தெரியும். சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கிறது. அதற்காக யாரும் அதைக் கைவிடுவதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் நாளை எண்ணிக்கொண்டு வரப்பைச் சீர் செய்கிறோம். நிலத்துக்குக் காட்டும் இந்தப் பொறுமையை நம் பிள்ளைகளுக்கும் காட்டுவோம்.

இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் அப்படிப்பட்ட ஓர் இளைஞரின் பெயரைச் சொல்லிச் செபிப்போம். செபித்த கையோடு அவர் வீட்டுக்கும் சென்று வருவோம். காயப்பட்ட கைகளோடும் கால்களோடும் சீடர்கள் நடுவே வந்து நின்ற உயிர்த்த ஆண்டவர் நம்மோடு வருவாராக. ஆமென்.