முதியோர் தன்னலம் மிக்கவரா?

"வீட்டை எழுதிக் கொடுத்தால் அப்பாவுக்கு என்ன குறைந்துவிடும், சாமி?"

பொன்மலையில் நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு சென்றபோது இளைஞர் ஒருவர் நம்மிடம் வினவினார். காவிரியைக் கடந்து திருவரங்கம் சென்றால் அங்கும் இதே குறைதான். பிள்ளைகள் அயல்நாட்டில், பெரிய வீட்டில் முதியோர் இருவர், "விற்க மறுக்கிறார்கள்" என்னும் மனத்தாங்கல்.

இளையோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. நாகப்பட்டினத்திலிருந்த இரயில்வே பணிமனை 1928இல் பொன்மலையில் நிலைபெற்றது முதல், நிலையான வேலையால் பல குடும்பங்கள் தழைத்தன. 2004 ஜனவரி முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கோ பழைய ஓய்வூதியம் இல்லை. மனை விலையும் எட்டாத உயரத்தில் உள்ளது. ஆனால் அந்த ஓய்வூதியம் எங்கே போகிறது? பேரனின் பள்ளிக் கட்டணத்திற்கும் மகளின் பேறுகாலச் செலவுக்கும் அன்றோ!

உள்ளே படுத்திருந்த தந்தை நம்மிடம் கேட்டது வேறு: "சாமி, கையெழுத்துப் போட்ட மறுநாள் நான் எங்கே படுப்பேன்?"

இவ்வச்சம் வீணன்று. பெற்றோரைக் காக்க நாடாளுமன்றமே 2007இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால், அதன் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். அந்நிபந்தனை இருந்தது மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. முதியோர் நலன் கருதிச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் மொழிந்தது. உயிருள்ளவரை உடைமையைப் பிறர் கையில் ஒப்படைக்காமல், இறுதி நாளில் பங்கிடுமாறு சீராக் நூலின் 33ஆம் அதிகாரமும் அறிவுறுத்துகிறது. ஆகவே வீட்டைத் தம் பெயரில் வைத்திருப்பது தன்னலமாகாது.

எனினும், வீட்டைத் தூண்டிலாக்கி ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளைக்கு எதிராக நிறுத்துவது தன்னலமே. உயிலை மறைத்து, இறந்தபின் உடன்பிறந்தோரை வழக்குமன்றத்தில் நிறுத்துவதும் அவ்வாறே.

பெரியோரே, அறிவு தெளிவாயிருக்கும்போதே உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் அனைவருக்கும் அதைத் தெரிவியுங்கள். இப்போதே எழுதிக் கொடுப்பதாயின், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பிள்ளைகளே, பத்திரத்தைப் பற்றிக் கேட்குமுன், "அப்பா, சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள்.

அவ்விளைஞரிடமும் நாம் இதையே கூறினோம். அடுத்த மாதம் சென்றபோது, தந்தையின் கட்டிலருகே மகனின் பாயும் விரிக்கப்பட்டிருந்தது. பத்திரம் இன்னும் தந்தை பெயரில்தான் உள்ளது.