வேனை யாரிடம் ஒப்படைப்பது?

காலை ஆறரை மணி. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பாதி வழியில் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. வாப்பா கட்டாரில். அறிந்த கராஜ் எதுவும் பக்கத்தில் இல்லை. சகோதரியே, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கிறதா?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வந்தது. கண்ணில் பட்ட கராஜில் வண்டியை விட்டார்கள். "என்ஜின் முடிந்துவிட்டது, வேறு என்ஜின்தான் போட வேண்டும்" என்றார் பார்த்தவர். அந்தத் தாய் தன் கை வளையல்களைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அயல் வீட்டு நானா தனக்குத் தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் அரை மணி நேரம் பார்த்தார். அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடியையும் தேய்ந்து தளர்ந்த விசிறிப் பட்டியையும் கழற்றிக் கையில் கொடுத்தார். இரண்டையும் மாற்றியதோடு சூடு அடங்கியது.

'டொல்பின்' ஹையேஸ், டவுன் ஏஸ், லைட் ஏஸ் என்று நம் வீடுகளில் நிற்பவை ஜப்பானில் ஓடிவிட்டு இங்கு வந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை பழையதைத் திருத்தியே ஓட்டினோம். இன்றும் புதியது வாங்குவது எல்லோருக்கும் முடிந்த காரியமல்ல. இந்த வேன்களில் என்ஜின் முன் ஆசனத்துக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. நாம் பார்க்க முடியாததை நமக்காகப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

நல்ல நாளில் தேடுங்கள்

வண்டி நின்ற பிறகு தேடினால் தெரிவு செய்ய நேரமிராது. வண்டி நன்றாக ஓடும்போதே ஒரு சிறு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். எண்ணெய் மாற்றுவது, பிரேக் பார்ப்பது போதும். சொன்ன நேரத்துக்குக் கொடுத்தாரா, சொன்ன தொகையை மட்டும் எடுத்தாரா என்று கவனியுங்கள். உங்கள் வேனைப் போன்ற வண்டியைப் பாடசாலைச் சேவைக்கு ஓட்டுபவர்களிடமும் விசாரியுங்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அவர்களுக்கு வருமானமே நின்றுவிடும். ஆகவே கைசுத்தமான பாஸ் யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர் என்ன கேட்கிறார்?

நல்ல மெக்கானிக் முதலில் கேள்வி கேட்பார். எப்போது சூடேறுகிறது? ஏற்றத்திலா, நிற்கும்போதா? தண்ணீர் குறைகிறதா? புகை என்ன நிறம்? கறுப்பு என்றால் காற்று வடியோ டீசல் நொசிலோ அடைபட்டிருக்கலாம். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தப் புகையைக் கண்டாலும் "என்ஜின் செய்ய வேண்டும்" என்பவரிடம் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்றும் கேட்பார். ஹையேஸ் டீசல் என்ஜின்களில் ஏறத்தாழ 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் பாழாகும். பழைய வண்டியின் மீற்றரை நம்ப முடியாது. மாற்றிய திகதி தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

சாமானும் பில்லும்

ஒரே பெயருள்ள வேனுக்குப் பல வகை என்ஜின்கள் உண்டு. பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் செசி இலக்கத்தையும் என்ஜின் வகையையும் எழுதிக்கொண்டு போங்கள். போடுவது புதியதா, பாவித்ததா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிரேக் சாமானில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். ஏறுவது உங்கள் பிள்ளைகள்.

சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில்லை வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேளுங்கள். நேர்மையானவர் கோபிக்க மாட்டார். எங்கே தேய்ந்தது என்று காட்டித் தருவார். பெரிய செலவு சொன்னால், வண்டியைக் கழற்றுவதற்கு முன் இன்னொருவரிடமும் காட்டுங்கள். ஒரு கொப்பியில் திகதி, கிலோமீற்றர், செய்த வேலை மூன்றையும் குறித்து வையுங்கள். பெண்பிள்ளைதானே, என்ன தெரியும் என்று நினைப்பவரும் அந்தக் கொப்பியைக் கண்டால் நிதானமாகவே கதைப்பார்.

நம் பங்கும் உண்டு

சூட்டு முள் ஏறினால் 'வீடு வரை போகலாம்' என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும். அந்தப் பொறுமை ஹெட் வெடிக்காமல் காக்கும்.

உண்மை சொல்லும் ஒருவர் கிடைத்துவிட்டால் அவரது கூலியில் பேரம் பேசாதீர்கள், கடன் சொல்லாதீர்கள். "இது இப்போது தேவையில்லை, இன்னும் ஆறு மாதம் ஓடும்" என்று தன் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்பவர் அவர். அமானிதம் பேணும் அந்தக் கையை அடுத்த வீட்டுச் சகோதரிக்கும் காட்டிக் கொடுங்கள்.

உங்கள் வேனுக்கு அடுத்த எண்ணெய் மாற்றம் எப்போது? தேடலை அன்றே தொடங்கலாம்.