பலகைத் தளமும் ஈரமும்

நுவரெலியா, அட்டன் முதலிய மலைநாட்டு ஊர்களில் ஆங்கிலேயர் காலத்து வீடுகள் பலவற்றில் இன்றும் மக்கள் குடியிருந்து வருகின்றனர். அவ்வீடுகள் சிலவற்றில், குளிரைக் கருதி, மண்ணுக்கு மேலே குறுஞ்சுவர் எழுப்பி, அதன்மீது தீராந்திகளைக் கிடத்திப் பலகைத் தளம் அமைத்திருக்கின்றனர். ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு நாள் தளத்தின் மூலையொன்று காலடியில் சற்றே தாழ்கின்றது. அலுமாரிக் கதவு தானே திறந்துகொள்கின்றது. விரிப்பின் அடியிலிருந்து பூஞ்சண நாற்றம் எழுகின்றது. "பழைய மரம்; அதன் காலம் முடிந்தது" என்று சொல்லி வீட்டார் புதுப் பலகை வாங்க முற்படுவர். ஆனால், பழியை மரத்தின் வயதின்மீது சுமத்துதல் பொருந்தாது.

மரம் முதுமையினால் உக்குவதில்லை. அதனை உக்கச் செய்வது பூஞ்சணம். பூஞ்சணம் வளர்வதற்கு நீரும் காற்றும் சேர்ந்தே வேண்டும். ஆதலால் உலர்ந்த கொட்டகையில் நிற்கும் தேரின் மரம் பல தலைமுறை நிலைக்கின்றது. காற்றுப் புகாவண்ணம் நீருள் அமிழ்ந்து கிடக்கும் மரமும் நெடுங்காலம் நிலைக்கின்றது. இரண்டுக்கும் நடுவே ஈரித்துக் கிடக்கும் மரமே அழிகின்றது. உலர்ந்த மரம் 100 பங்கு எடையாயின், அதிலுள்ள நீர் 20 பங்குக்குக் குறைந்திருக்கும்வரை பூஞ்சணத்துக்கு அங்கே இடமில்லை. அவ்வளவைத் தாண்டி ஈரம் நிலைத்துவிட்டால் ஆபத்துத் தொடங்குகின்றது.

அவ்வீரம் எங்கிருந்து வருகின்றது? பழைய கற்சுவர்கள் பலவற்றின் அடியில் ஈரத்தடுப்புப் படை இல்லை. ஆகவே மண்ணின் நீர் சுவரில் ஏறி, சுவருக்குள் பதிந்திருக்கும் தீராந்தியின் நுனியை அடைகின்றது. உடைந்த பீலியிலிருந்து வடியும் மழைநீரும் அதனோடு சேர்கின்றது. முன்னாளில் கட்டியோர் இதனை அறிந்தே, தளத்தின் கீழே காற்று ஓடுவதற்காகச் சுவரில் துளைகள் விட்டனர். பின்வந்தோரோ, குளிர்காற்று புகுகின்றதென்று அத்துளைகளை அடைத்தனர். சுவரோரம் மண் குவித்துப் பூஞ்செடி நட்டனர். சுண்ணாம்புச் சாந்தைப் பெயர்த்துச் சீமெந்து பூசினர். பலகைமீது நீர் புகாத விரிப்பை ஒட்டினர். வெளியேற வழியின்றி ஈரம் மரத்திலேயே தங்கியது. அழகுக்காகவும் வசதிக்காகவும் செய்தவை அழிவுக்குத் துணையாயின.

பரிகாரமும் இவ்வொழுங்கிலேயே அமைதல் வேண்டும். முதலிற் பீலியைச் செப்பனிடுக. சுவரோர மண்ணை வெட்டி, காற்றுத் துளைகளுக்குக் கீழே 6 அங்குலமாவது தாழ்த்துக. அடைத்த துளைகளைத் திறந்து, எலி புகாதவாறு கம்பிவலை இடுக. இவற்றின் பின்னரே பலகையைப் பெயர்த்துத் தீராந்திகளை ஆராய வேண்டும். கூரிய ஊசியால் நுனிகளைக் குத்திப் பார்த்தால் நல்ல மரம் எதிர்க்கும். உக்கிய மரத்தில் ஊசி எளிதில் இறங்கும். கபில நிறமாகிக் கட்டங்கட்டமாக வெடித்திருப்பதும் உக்கலின் அடையாளமே.

நுனிமட்டும் கெட்டிருப்பின் முழுத் தீராந்தியையும் கழிக்க வேண்டியதில்லை. முதலில் அதற்கு முட்டுக் கொடுத்துத் தாங்குக. பின்னர்க் கெட்ட பகுதியை நல்ல மரம் தோன்றுமளவும், அதற்குச் சற்று அப்பாலும் அறுத்து நீக்கி, உலர்ந்த புதுமரத்தைப் பக்கத்தில் வைத்து மரையாணியால் இறுக்குக. புது நுனி கல்லைத் தொடாதவாறு அடியில் தார்த்தகடு இட்டு, பக்கங்களில் காற்றுக்கு இடம் விடுக. போராக்சுக் கரைசல் பூசுதல் பூஞ்சணத்தையும் கறையானையும் தடுக்க உதவும். எனினும் நீர் மீண்டும் வந்தால் அம்மருந்து கரைந்து போகும். மருந்து காவலாளியேயன்றிக் கதவாகாது.

பொறுமையும் வேண்டும். நனைந்த சுவர் ஓரங்குலம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும் என்பது கட்டடத் தொழிலாளரின் பொதுக் கணக்கு. 18 அங்குலச் சுவருக்கு ஒன்றரை ஆண்டு ஆகலாம்; மழை மிகுந்த மலைநாட்டில் இன்னும் நீளலாம். ஆகையால் மழை குறைந்த சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்களில் வேலையைத் தொடங்குதல் நன்று. ஈரச்சுவரின்மேல் அவசரமாகப் புதுப்பலகை பரப்புவோர், சில ஆண்டுகளில் அதே மூலை மறுபடியும் தாழக் காண்பர்.

முதியோரும் குழந்தைகளும் நடமாடும் தளம் அது. ஆண்டுதோறும் தென்மேல் பருவமழைக்கு முன்பாகப் பீலியையும் காற்றுத் துளைகளையும் ஒருமுறை பார்த்துவிடுவதற்கு அரை நாள் போதும். அந்த அரை நாளை ஒதுக்கும் வீட்டாருக்குப் பாட்டனார் காலத்துத் தீராந்தி பேரப்பிள்ளைகளையும் தாங்கும்.