கோல் கை மாறும் இடம்

கொச்சி ராஜ்யத்தில் ஒரு காலத்தில் கடிதங்கள் ஓடியே போயின. நண்பர்கள் சேர்ந்து ஓடும் இன்றைய நெடுந்தூரத் தொடர் ஓட்டத்துக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் லாரிகள் வந்து அடைப்பதற்கு முன், விடியற்காலையில் ஓடிப் பார்த்தால் கொச்சியின் குணம் தெரியும். மேடு பள்ளம் அதிகமில்லாத ஊர். ஆனால் காயலிலிருந்து வரும் ஈரக்காற்றில் இரண்டாவது கிலோமீட்டரிலேயே சட்டை நனைந்துவிடும். இங்கே நெடுந்தூரத்தை ஒரே ஆள் ஓடித் தீர்ப்பதைவிட நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். உலகின் பல ஊர்களில் நண்பர் குழுக்கள் இப்படி ஓடுகின்றன. கொச்சிக்கு இது பழைய சங்கதி. அன்று ஓடியவர்கள் சம்பளத்துக்கு ஓடினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ராஜாவின் ஓட்டக்காரர்கள்

கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே தங்களுக்கென்று தபால் அமைப்பு வைத்திருந்தன. அதன் பெயர் ‘அஞ்சல்’. கடிதப் பையைச் சுமந்தவர் அஞ்சலோட்டக்காரன். கையில் மணி கட்டிய கோல். தனக்குரிய தூரத்தை ஓடி முடித்ததும் பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். எதிரே வருபவர்கள் ஒதுங்குவதற்கும், காத்திருப்பவர் எழுந்து நிற்பதற்கும் அந்த மணியோசையே அறிவிப்பு.

அப்போது மட்டாஞ்சேரி ராஜாவின் மண். ஒட்டியிருந்த ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ் மண். மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கொஞ்ச தூரம் நடந்தால் அரசும் மாறும், தபாலும் மாறும். 1892-இல் கொச்சி அஞ்சல் சொந்தமாகத் தபால் தலையே வெளியிட்டது. 1949-இல் இரு சமஸ்தானங்களும் ஒன்றாயின. 1951-இல் அஞ்சல், இந்தியத் தபால் துறையில் கலந்தது.

இந்த முறை கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. 14-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இபின் பதூதா, டெல்லி சுல்தானின் கால்நடைத் தபாலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு மைலுக்கு மூன்று நிலையங்கள். ஒரு கையில் கடிதம், மறு கையில் செம்பு மணிகள் கட்டிய கோல். மணி கேட்டதும் அடுத்தவர் தயாராகிவிடுவார். குதிரைத் தபாலைவிட இது வேகமானது என்பது அவர் கணிப்பு. களைத்த ஒருவர் நெடுநேரம் ஓடுவதைவிட, களைக்காத பலர் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுவது வேகம் என்பதே அதன் சூட்சுமம்.

ஜப்பான் செய்த மாற்றம்

இந்தப் பழைய ஏற்பாட்டை விளையாட்டாக்கிய நாடு ஜப்பான். அங்கே இதற்கு ‘எக்கிடென்’ என்று பெயர். பழைய தபால், போக்குவரத்து நிலையங்களின் முறையிலிருந்து வந்த சொல். 1917-இல் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு 508 கி.மீ. தூரத்தை 23 கட்டங்களாகப் பிரித்து இரவு பகலாக ஓடினார்கள். 1920-இல் தொடங்கிய ஹகோனே எக்கிடென், பல்கலைக்கழக அணிகளுக்கானது. பத்துப் பேர், இரண்டு நாள், 200 கி.மீ.க்கு மேல். கோலுக்குப் பதில் தோளில் ஒரு துணிப்பட்டை. முன்னணி அணியைவிட மிகவும் பின்தங்கிப் போனால், பட்டை வந்து சேருமுன்பே அடுத்த கட்ட வீரர் கிளம்பிவிட வேண்டும். தள்ளாடி வந்து சேர்பவர், வாங்க ஆளில்லாமல் பட்டையோடு நிற்பார். தோல்வியைவிட அதுதான் அவருக்குப் பெரிய துயரம்.

அமெரிக்காவில் 1982-இல் எட்டே அணிகளுடன் தொடங்கியது ‘ஹூட் டு கோஸ்ட்’ ஓட்டம். ஹூட் மலையிலிருந்து பசிபிக் கடற்கரை வரை சுமார் 320 கி.மீ. பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று கட்டம். மற்ற நேரமெல்லாம் வேனில் தூக்கம், சாப்பாடு, காத்திருப்பு. ஓடுவதைவிடக் காத்திருப்பதே அதிகம்.

காத்திருப்பவரின் பொறுப்பு

நண்பர்களோடு ஓட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒருவர் ஐந்து நிமிடம் பிந்தினால் மற்றவர்கள் ஆளுக்கொரு நிமிடம் ஈடுகட்டலாம். ஆனால் மாற வேண்டிய இடத்தில் ஆளே இல்லையென்றால் எந்த வேகமும் உதவாது. வேகமானவரைவிட, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நிற்பவரே குழுவுக்கு முக்கியம்.

மட்டாஞ்சேரியிலிருந்து கொச்சி சமஸ்தானத்தின் இன்னொரு பெரிய நகரான திருச்சூருக்கு 80 கி.மீ.க்குச் சற்று அதிகம். எட்டு நண்பர்கள் ஆளுக்குப் பத்து கிலோமீட்டர், அதையும் ஐந்தைந்தாக இரண்டு தவணையில் ஓடலாம். நள்ளிரவில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பெரும் பகுதி முடிந்துவிடும். தேவைப்படுவது தண்ணீர், இருட்டில் தெரியும் உடை, பின்னால் வர ஒரு வண்டி. ‘சோல்ஸ் ஆஃப் கொச்சின்’ போன்ற ஓட்டக் குழுக்களும் மாரத்தானும் உள்ள நகரம் இது. ஓட ஆளுக்குப் பஞ்சமில்லை.

தமிழ்நாட்டில் ‘தொடர் ஓட்டம்’ என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் இதை ‘அஞ்சலோட்டம்’ என்றே சொல்கிறார்கள். கேரளத்துத் தபால்காரரின் பெயர் யாழ்ப்பாணத்து விளையாட்டு மைதானத்தில் வாழ்கிறது. அவர் ஓடிய ஓட்டத்துக்குப் பதக்கமில்லை, முடிவுக்கோடும் இல்லை. பை போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே கணக்கு. நண்பர் குழுவுக்கும் அந்தக் கணக்குப் போதும்.