பாசாங்கு என்று சொல்லுமுன்

பயத்தில் கைகால் ஓடவில்லை, வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சை அடைக்கிறது, நாக்கு எழவில்லை என்றெல்லாம் நாம் அன்றாடம் பேசுகிறோம். மனத்தின் சங்கடத்தைச் சரீரத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் இவ்வழக்கை வெறும் அலங்காரப் பேச்சென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அலங்காரமன்று என்பதை நமக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன்.

சில வருஷங்களுக்கு முன், அரையாண்டுப் பரீட்சை நெருங்கிய சமயம், பத்தாம் வகுப்பில் படித்த அந்தப் பையனுக்கு வலது கை விழுந்துவிட்டது. பேனாவைப் பிடித்தால் நழுவும். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், எலும்பிலோ நரம்பிலோ குறை ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டை வாசித்த நாம், வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "போதுமப்பா, உன் பாசாங்கு!" என்றோம். பையன் பதில் பேசவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தக் காட்சி நம்மை உறங்கவிடவில்லை. புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினோம்.

நம்மைப்போல் அவசரப்பட்டவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். 1914-ல் மூண்ட மகாயுத்தத்தில், உடம்பில் காயமின்றியே ஊமைகளாகவும் முடவர்களாகவும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் திரும்பினர். மறு வருஷம் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, என்ற தலைப்பில் இதைப்பற்றி எழுதினார். வெடியின் வேகத்தில் மூளை குலுங்கியிருக்குமென்று கருதினர். ஆனால் குண்டு வெடித்த இடத்தை அணுகாதவர்களுக்கும் இதே கோளாறு கண்டது. உடனே, கோழைகள், நடிக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. லண்டனில் யீலண்ட் என்ற டாக்டர், பேச்சிழந்த சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். அதையும் சிகிச்சையென்றே அழைத்தார்கள்!

ஸ்காட்லாந்தில், எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரியில், ரிவர்ஸ் என்ற டாக்டரோ நோயாளிகளைப் பேசவிட்டுக் கேட்டார். நமது நீலகிரியில் தோடர்களோடு பழகி, 1906-ல் அவர்களைப்பற்றி நூல் வெளியிட்டவரும் இவரே. அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் கவலையும் துர்க்கனவும், சாதாரணச் சிப்பாய்களுக்கு முடக்கமும் பேச்சின்மையும் வருவதை இவர் குறித்திருக்கிறார். மறுத்துப் பேச உரிமையற்றவனுக்காக அவன் அங்கமே மறுத்துவிடுகிறதோ என்று நமக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடப் பெஞ்சில் இருப்பவனும் ஏறக்குறைய அந்த இனந்தானே?

இது நடிப்பல்லவென்று எப்படி அறிவது? ஹூவர் என்ற அமெரிக்க வைத்தியர் 1908-ல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். மல்லாந்து படுத்து ஒரு காலை உயர்த்தினால், மற்றக் காலின் குதிகால் நம்மை அறியாமலே படுக்கையை அழுத்தும். இவ்வகை நோயாளியிடம், தளர்ந்த காலால் அழுத்து என்றால் முடிவதில்லை. நல்ல காலை உயர்த்து என்றாலோ, தளர்ந்த கால் தானாகவே பலமாக அழுத்துகிறது! பலம் இருக்கிறது, வேண்டுமென்று முயலும்போதுதான் வழி அடைபடுகிறது. அக்காலத்தில் இந்தச் சோதனை பொய்யைப் பிடிக்கும் கண்ணியாகவும் பயன்பட்டது. இன்றைய நரம்பு வைத்தியர்கள் இதை நோயாளிக்கே செய்துகாட்டி, "பார், உன் கால் கெடவில்லை, திரும்பப் பழக்கலாம்" என்று தைரியம் சொல்கிறார்கள்.

"எல்லாம் மனசுதான்" என்று கைகழுவுவதும் தவறே. மனக்கஷ்டம் ஒன்றைக் காட்டினால்தான் இந்நோயென்று தீர்மானிக்கலாம் என்றிருந்த விதியை, அமெரிக்க மனநல வைத்தியர்கள் 2013-ல் தங்கள் கையேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். தேர்ந்த டாக்டர் உடம்பைச் சோதித்து, இந்நோய்க்கே உரிய அடையாளங்களைக் கண்டு சொல்ல வேண்டிய விஷயம் இது. வீட்டுத் திண்ணையில் தீர்ப்பளிப்பதற்கில்லை.

நம் மாணவனுக்கு வாய்த்த இயன்முறை வைத்தியர் எழுது என்று சொல்லவேயில்லை. பந்தை எறிந்து பிடிக்கச் சொன்னார். விளையாட்டு மும்முரத்தில் வலது கை தன்னை மறந்து நீண்டது. மூன்று மாதத்தில் எழுதவும் வந்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

சென்ற மாதம் பஸ் நிறுத்தத்தில் நம்மைக் கண்டு, "வணக்கம் ஸார்" என்றான். அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம், நாக்கு எழவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. வலது கையால் கம்பியைப் பற்றி ஏறிக்கொண்டான்.