உணவில் உப்பைக் குறைத்தல்

உணவில் உப்பைக் குறைத்தல் என்பது, நாள்தோறும் உணவின் வழியாக உடலுக்குள் செல்லும் சோடியத்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் பழக்கமாகும். உயர் இரத்த அழுத்தம், பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றைத் தவிர்க்க மருத்துவர்கள் பரிந்துரைக்கும் அன்றாடப் பழக்கங்களுள் இதுவும் ஒன்று. இதற்குத் தனியாகச் செலவு எதுவும் இல்லை. வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஆனால், உலகில் வயது வந்தோர் சராசரியாக நாளொன்றுக்கு 10.8 கிராம் உப்பு உட்கொள்வதாக அதே அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இது பரிந்துரைத்த அளவைப் போல் இரு மடங்குக்கும் அதிகம்.

உப்பும் சோடியமும்

சமையல் உப்பின் வேதிப்பெயர் சோடியம் குளோரைடு. அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சோடியமும் 60 விழுக்காடு குளோரைடும் உள்ளன. எனவே 5 கிராம் உப்பில் ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் சோடியம் இருக்கும். தலை தட்டிய ஒரு தேக்கரண்டித் தூளுப்பின் எடை 5 முதல் 6 கிராம் வரை வரும். குழம்பு, பொரியல், தோசை மாவு, மோர், ஊறுகாய் எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு உரிய அளவு இந்த ஒரு கரண்டிதான்.

சோடியம் உடலுக்குத் தேவையற்ற பொருளன்று. நரம்புகளின் செய்தி கடத்தலுக்கும், தசைகளின் இயக்கத்துக்கும், உடலின் நீர்ச் சமநிலைக்கும் அது வேண்டும். பால், மீன், முட்டை, கீரை போன்ற உணவுகளிலும் சோடியம் இயற்கையாகவே சிறிதளவு உள்ளது. உப்பை அறவே விலக்குவது இப்பழக்கத்தின் நோக்கமன்று; மிகையானதைக் குறைப்பதே நோக்கம்.

உடலில் ஏற்படும் விளைவு

இரத்தத்தில் சோடியம் மிகும்போது உடல் கூடுதலாக நீரைத் தேக்கி வைக்கிறது. அதனால் இரத்தத்தின் கன அளவு கூடி, இரத்தக் குழாய்ச் சுவர்களின் மீதான அழுத்தம் உயர்கிறது. மிகையான சோடியத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறிய உப்பு சேரும்போது பலருக்கு இந்த அழுத்தம் நிலையாக உயர்ந்துவிடுகிறது. உயர்ந்த அழுத்தம் இதயத்தின் வேலையைக் கூட்டுகிறது. மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றின் நுண்ணிய குழாய்களைச் சேதப்படுத்துகிறது.

இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவை எட்டினால் அல்லது கடந்தால், வெவ்வேறு நாள்களில் மீண்டும் அளந்து, அது உயர் இரத்த அழுத்தம் என உறுதிசெய்யப்படுகிறது. இந்நோய் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தலைவலியோ தலைச்சுற்றலோ இல்லாததால் தமக்கு அழுத்தம் இல்லை என்று எண்ணியிருந்தவர்கள், பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பின்னரே அதை அறிந்துகொள்வது உண்டு.

உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. 1988-இல் வெளியான 'இன்டர்சால்ட்' ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது. அவர்களுள் பிரேசிலின் யானோமாமி பழங்குடியினரின் உணவில் உப்பு மிக மிகக் குறைவு; அவர்களிடம் வயது ஏற ஏற இரத்த அழுத்தமும் ஏறும் போக்கு காணப்படவில்லை. 2001-இல் அமெரிக்காவில் வெளியான 'டாஷ்-சோடியம்' ஆய்வில் 412 பேருக்கு மூன்று வெவ்வேறு சோடிய அளவுகளில் உணவு வழங்கப்பட்டது. சோடியம் குறையக் குறைய இரத்த அழுத்தமும் குறைந்தது.

வீட்டின் உப்பைக் கணக்கிடுதல்

தாம் எவ்வளவு உப்பு உண்கிறோம் என்பது பெரும்பாலானோருக்குத் தெரியாது. கைப்பழக்கத்தில் அள்ளிப் போடும் உப்பை யாரும் அளப்பதில்லை. ஆனால் வீட்டில் வாங்கும் உப்புப் பொட்டலத்தைக் கொண்டு இதை ஓரளவு கணிக்கலாம்.

பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன் மீதே எழுதி வைத்து, தீரும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 25 நாள்களில் தீர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் ஆகிறது. ஆளுக்கு 5 கிராம் என்றால் அதே பொட்டலம் 50 நாள் வர வேண்டும். சோறு வடிக்கும் கஞ்சியோடு போகும் உப்பையும், வீட்டில் ஊறுகாய் போடப் பயன்படும் உப்பையும் இக்கணக்கில் தோராயமாகக் கழித்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் உணவுகளில் உள்ள உப்பு இதில் சேராது. ஆகவே, உண்மையான அளவு கூடுதலாகவும் இருக்கக்கூடும்.

உப்பு மிகுந்த உணவுகள்

ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவை உப்பைக் கொண்டே பதப்படுத்தப்படுகின்றன. அப்பள மாவில் சேர்க்கும் அப்பளக்காரத்திலும் சோடியம் உண்டு. மிக்சர், காராச்சேவு, சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், சாஸ், பொட்டல மசாலாக்கள் ஆகியவற்றிலும் உப்பு மிகுதி. ரொட்டியும் பிஸ்கட்டும் உப்புக் கரிப்பதில்லை என்றாலும் அவற்றிலும் உப்பும் சமையல் சோடாவும் சேர்கின்றன. நாவுக்குத் தெரியாமல் உள்ளே செல்லும் சோடியம் இது.

பொட்டல உணவுகளின் உறையில் சோடியத்தின் அளவு அச்சிடப்பட்டிருந்தால், அதை 2.5-ஆல் பெருக்கி உப்பின் அளவை அறியலாம். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்புக்குச் சமம். அச்சிட்ட அளவு முழுப் பொட்டலத்துக்கு உரியதா, 100 கிராமுக்கு உரியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நாவின் பழக்கம்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. உப்பைக் குறைத்தால் உணவு சுவைக்காது என்ற அச்சமே இப்பழக்கத்துக்குப் பெரிய தடையாக உள்ளது. ஆனால் உப்புச் சுவையின் தேவை நிலையானதன்று. சில வாரங்கள் குறைவான உப்பில் உண்டுவந்தால் நாக்கு அதற்குப் பழகிவிடுகிறது. முன்பு பிடித்திருந்த உணவே பின்னர் கரிப்பதாகத் தோன்றும்.

பிரிட்டனில் 2003 முதல் நடந்த முயற்சி இதற்குச் சான்று. அங்கு ரொட்டி உள்ளிட்ட உணவுகளில் உற்பத்தியாளர்கள் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தனர். 2001 அளவில் நாளொன்றுக்கு 9.5 கிராமாக இருந்த சராசரி உப்பு நுகர்வு, 2011-இல் 8.1 கிராமாகக் குறைந்தது. பின்லாந்தில் 1972-இல் தொடங்கிய வட கரேலியா திட்டம் முதலாக உப்பைக் குறைக்கும் முயற்சிகள் நடந்துவந்தன. 1993 முதல் உப்பு மிகுந்த உணவுகளில் அதைத் தெரிவிக்கும் குறிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்நாட்டில் பக்கவாத இறப்புகள் பெருமளவு குறைந்ததில், புகைத்தல் குறைந்ததும் மருத்துவ வசதி மேம்பட்டதும் போல இதற்கும் பங்குண்டு.

உப்பு வகைகள்

கல்லுப்பு, இந்துப்பு, இளஞ்சிவப்பு நிற இமாலய உப்பு ஆகியவை இரத்த அழுத்தத்தை உயர்த்தா என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இவை அனைத்தும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. ஒரே எடையில் எடுத்தால் இவற்றின் சோடிய அளவில் பெரிய வேறுபாடு இல்லை. மேலும், இவற்றில் பலவற்றில் அயோடின் சேர்க்கப்படுவதில்லை. அயோடின் குறைபாடு முன்கழுத்துக் கழலைக்குக் காரணமாகிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கிறது. ஆகவே உப்பைக் குறைப்போர், பயன்படுத்தும் சிறிதளவு உப்பும் அயோடின் கலந்ததாக இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பும் கிடைக்கிறது. சீனாவின் வடபகுதியில் 600 ஊர்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 25 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியோரிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்கள் முன்பே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது உயர் இரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள். ஆனால் இவ்வுப்பு எல்லாருக்கும் உகந்ததன்று. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்துகளை உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத் துடிப்பு சீர்கெடக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது.

நடைமுறை வழிகள்

ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் வீட்டில் எவரும் உண்ணமாட்டார்கள். மாதந்தோறும் பத்தில் ஒரு பங்கு குறைப்பது எளிது. மாதத்துக்கு 1,200 கிராம் உப்பு செலவாகும் வீட்டில், அடுத்த மாதத்துக்கு 1,080 கிராமை மட்டும் தனி ஜாடியில் எடுத்து வைத்து, அதற்குள் சமைக்கலாம்.

• உப்பைக் கையால் அள்ளாமல் சிறு கரண்டியால் அளந்து போடுதல்.
• சோறு, சப்பாத்தி மாவு ஆகியவற்றில் உப்பைத் தவிர்த்தல். தொட்டுக்கொள்ளும் குழம்பிலும் பொரியலிலும் உள்ள உப்பே போதும்.
• உண்ணும் இடத்தில் உப்பையும் ஊறுகாயையும் வைக்காதிருத்தல்.
• அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் மூன்றையும் ஒரே வேளையில் சேர்க்காமல், ஏதேனும் ஒன்றைச் சிறிதளவு கொள்ளுதல்.
• கருவாட்டை வெந்நீரில் ஊற வைத்து, பலமுறை அலசிய பின் சமைத்தல்; குழம்பில் தனியாக உப்புச் சேர்க்கும் முன் சுவைத்துப் பார்த்தல்.
• எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றால் சுவை கூட்டுதல்.
• ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவில் உப்புச் சேர்க்காதிருத்தல்.

கவனிக்க வேண்டியவை

உப்பைக் குறைப்பது மருந்துக்கு மாற்றன்று. இரத்த அழுத்த மருந்து உண்போர், உப்பைக் குறைத்ததைக் காரணமாகக் கொண்டு தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் உயரும். அளவு குறைந்திருந்தால் மருந்தை மாற்றுவதை மருத்துவரே முடிவு செய்வார். வயிற்றுப்போக்கு ஏற்பட்டவர்களும், கடும் வெயிலில் உழைத்து மிகுதியாக வியர்ப்பவர்களும் உப்பையும் நீரையும் இழக்கிறார்கள். வயிற்றுப்போக்கின்போது உப்பு-சர்க்கரைக் கரைசல் தருவதை இப்பழக்கத்தின் பெயரால் தவிர்க்கக் கூடாது.

அறிகுறியின்றி வரும் நோய் என்பதால், உடல்நலமாக இருப்பதாக உணரும் பெரியவர்களும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது நல்லது. ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி அளந்துகொள்ளலாம். அளந்த எண்ணையும் நாளையும் எழுதி வைத்தால், உப்பைக் குறைத்ததன் பலனைப் பின்னர் ஒப்பிட்டு அறிய முடியும்.