நாகர்கோவில் எம்.பி. தொகுதி எங்கே போச்சு? காமராஜரை டெல்லிக்கு அனுப்பிய தொகுதியின் கதை

கோட்டாறு கம்போளத்தில் கடை வைத்திருப்பவர் இன்று கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி வாக்காளர். 2004 தேர்தல் வரை அதே தெரு நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் இருந்தது. ஊர் அப்படியேதான் இருக்கு. தொகுதி மட்டும் எங்கே போச்சு?

முதல் எம்.பி. யார்?

1952-ல் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய மார்ஷல் நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில் வென்றார். 1956 நவம்பர் 1-ல் இணைப்பு நடந்தது. ஆக, மாநிலமே மாறிய தொகுதி இது.

காமராஜர் எப்படி வந்தார்?

1967-ல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் தோற்றார் காமராஜர். 1968-ல் நேசமணி காலமானதால், 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் இடைத்தேர்தல் வந்தது. சொந்த ஊர் கைவிட்ட தலைவரை இந்த ஊர் ஜெயிக்க வைத்தது. 1971-ல் தமிழகத்தில் ஸ்தாபன காங்கிரஸ் வென்ற ஒரே மக்களவைத் தொகுதியும் இதுதான். 1975-ல் மறையும்போதும் காமராஜர் நாகர்கோவில் எம்.பி.

அப்புறம்?

1977-ல் குமரி அனந்தன், 1980 முதல் 1998 வரை தொடர்ந்து 6 முறை டென்னிஸ், 1999-ல் பா.ஜ.க.வின் பொன்.ராதாகிருஷ்ணன், 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின். அவர்தான் கடைசி நாகர்கோவில் எம்.பி.

ஏன் மறைந்தது?

தமிழகத்தில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். ஒரு எம்.பி. தொகுதிக்கு 6 சட்டமன்றத் தொகுதிகள் என்பதுதான் கணக்கு. குமரி மாவட்டத்தில் இருந்ததோ 7. அதனால் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி மட்டும் திருச்செந்தூர் எம்.பி. தொகுதியில் இருந்தது.

2008 மறுவரையறையில் திருவட்டார் சட்டமன்றத் தொகுதி நீக்கப்பட்டது. 7, 6 ஆனது. முழு மாவட்டமும் ஒரே எம்.பி. தொகுதிக்குள் வந்தது. பெயரும் 'கன்னியாகுமரி' ஆனது. 2009-ல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன் அதன் முதல் எம்.பி. ஆனார்.

இப்போ இது ஏன் முக்கியம்?

அப்போது எல்லைக் கோடுகள் மட்டும்தான் நகர்ந்தன. தமிழகத்தின் 39 இடங்கள் அப்படியே இருந்தன. எண்ணிக்கையை மாற்றும் வேலையை, 2026-க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை தள்ளிவைத்தது அரசியலமைப்பின் 84-வது திருத்தம்.

39 மாறாதபோதே, ஒரே மாவட்டத்தில் நாகர்கோவில் என்ற எம்.பி. தொகுதியும் திருவட்டார் என்ற எம்.எல்.ஏ. தொகுதியும் இல்லாமல் போயின. எண்ணிக்கையே மாறினால் கோட்டாறுக்காரரின் ஓட்டு எந்தத் தொகுதியில் விழும், டெல்லியில் அதற்கு எவ்வளவு பலம் இருக்கும்? மறுவரையறை பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் தமிழகம் கேட்பது இதைத்தான்.